பிராங்பேர்ட் சேர்வருக்குப் பராமரிப்பு அறிவித்தல், இங்கே நெல் அறுவடை. என்ன செய்யலாம்?

கனகராயன்_கரை:

வணக்கம் எல்லோருக்கும். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெல் கொள்வனவு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். நான் எழுதியதில்லை. எனக்கு முன் இருந்த அண்ணா எழுதிவிட்டுக் கனடா போய்விட்டார், அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு பாஸ்வேர்டும் "இதை ஒருக்காலும் ரீபூட் பண்ணாதே" என்ற ஒரு வசனமும்தான்.

சேர்வர் என்பது கிளவுடில் ஓடும் ஒரு மெய்நிகர் இயந்திரம், இருப்பது பிராங்பேர்ட்டில். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள், சங்கத் தலைவரின் மருமகன் ஜெர்மனியில் இருக்கிறார், கணக்கு அவர் பெயரில், மாதாமாதம் காசு போவதும் அவருடைய கார்டில். நேற்று அவர் வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் போட்டு "இது என்னவென்று பார்" என்றார். பார்த்தால் கிளவுட் கம்பனி ஒன்பது நாளுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. இயந்திரம் ஓடுகிற வன்பொருளைப் பராமரிக்கப் போகிறார்களாம், பெப்ரவரி 11, 02:00 முதல் 06:00 வரை, யூடிசி. அந்த நேரத்துக்குள் இயந்திரம் நிறுத்தப்படும், விரும்பினால் அதற்கு முன் நீங்களே ஸ்டொப் செய்து ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது.

விடியப்புறம் 2 முதல் 6 என்றால் சங்கம் பூட்டு, அதனால் நேரம் பிரச்சினை இல்லை. என் பயம் வேறு. அதில் இருப்பது உபுண்டு 18.04 இயக்குதளம், மைஎஸ்கியூஎல் 5.7 டேட்டாபேஸ், கடைசியாக ரீபூட் ஆகி 640 நாள். நிறுத்தினால் டேட்டா போய்விடுமா? பிற்போடச் சொல்லிக் கேட்கலாமா? எப்படியும் நிற்கப்போகிறது என்றால் அதே இரவில் உபுண்டு 22.04 க்கும் ஏற்றிவிட்டால் ஒரேயடியாக வேலை முடியும் அல்லவா?

முறிகண்டி_பெடியன்:

தம்பி, முதலில் அந்த நேரத்தைத் திரும்பப் பாரும். யூடிசி என்றால் உலகப் பொது நேரம், அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். 02:00 எங்களுக்குக் காலை 7:30, 06:00 எங்களுக்கு 11:30. பிராங்பேர்ட்டில் அது விடியப்புறம் 3 முதல் 7 வரை, அவர்களுடைய ஊர் உறங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் சங்கத்துத் தராசடியில் அப்போது லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) வரிசை கட்டி நிற்கும்.

வன்னியில் இருந்துகொண்டு இந்தப் பிழை விடக்கூடாது பாரும். 1996 இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இங்கே பழைய நேரம்தான் ஓடியது, 2006 ஏப்ரலில் கொழும்பு திரும்பவும் பழைய நேரத்துக்கு வரும்வரை அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் அரை மணி வித்தியாசம். பாதை திறந்திருந்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிக் கச்சேரி (அரச செயலகம்) அலுவலுக்குப் போய், அரை மணி பிந்தி, பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

வவுனியா_சேர்வர்காரன்:

எந்தக் கம்பனி என்று சொல்லாததால் பொதுவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி.

உங்கள் இயந்திரம் மெய்நிகர் என்றாலும் அதற்குக் கீழே எங்கோ ஒரு உண்மையான இரும்புப் பெட்டி இருக்கிறது. அதில் மெமரி பழுதாகும், டிஸ்க் பழுதாகும், மேலே மெய்நிகர் இயந்திரங்களை ஓடவிடுகிற ஹைப்பர்வைசர் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும். கூகிள் பெரும்பாலும் இயந்திரத்தை ஓட ஓடவே வேறு பெட்டிக்கு நகர்த்திவிடும். மெமரியைப் பின்னணியில் பிரதி எடுத்து, அதற்குள் மாறிய பகுதிகளைத் திரும்பவும் எடுத்து, கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது ஒரு கணம் நிறுத்தி அங்கே எழுப்பிவிடும், உங்களுக்குத் தெரியவும் வராது. மைக்ரோசொப்ட் அசூரில் அதிகமான பராமரிப்பு இயந்திரத்தைச் சில விநாடி உறையவைப்பதோடு முடியும், ரீபூட் தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லி, நாமே ஒரு நேரம் பார்த்துச் செய்துகொள்ள இடைவெளி தருவார்கள். அமேசனில் மின்னஞ்சல் வரும், அதில் ரீபூட் என்று போட்டிருக்கிறதா, ரிட்டயர்மென்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிட்டயர்மென்ட் என்றால் அந்தப் பெட்டி தேறாது, இயந்திரம் அதைவிட்டு வெளியேறியே ஆக வேண்டும்.

எல்லா நேரமும் இப்படி ஆறுதலாக நாள் குறித்துத் தரமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். 2014 செப்டெம்பரில் ஸென் ஹைப்பர்வைசரில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது அமேசன் தன் இயந்திரங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஒரு சில நாளுக்குள் ரீபூட் செய்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற புரொசசர் ஓட்டைகள் வெளியே வந்தபோது அசூர் ஏற்கெனவே குறித்திருந்த நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ரீபூட் செய்யத் தொடங்கியது. ஒன்பது நாளுக்கு முன்பே சொன்னவர்களை ஏசுவதற்கு ஒன்றும் இல்லை, அது மருமகனின் பெட்டியில் தூங்கியதுதான் பிழை.

இப்போது உங்கள் கேள்வி. சாதாரண டிஸ்க் என்றால் ஸ்டொப் செய்தால் டேட்டா போகாது. ஆனால் சில வகை இயந்திரங்களோடு ஒரு தற்காலிக டிஸ்க் சேர்ந்து வரும், அதில் இருப்பது நகர்ந்தால் அழிந்துவிடும், யாராவது அதில் பேக்கப் வைத்திருந்தால் (வைத்திருப்பார்கள், நான் கண்டிருக்கிறேன்) அது போய்விடும். அதோடு, உள்ளிருந்து ரீபூட் அடித்தால் பொதுவாக அதே பெட்டியிலேயே திரும்ப எழும்பும், அதில் பயனில்லை. வெளியே கட்டுப்பாட்டுப் பக்கத்தில் போய் ஸ்டொப், பிறகு ஸ்டார்ட். அப்போதுதான் வேறு பெட்டிக்குப் போகும். நிரந்தர ஐபி (இணைய முகவரி இலக்கம்) எடுத்து வைக்காவிட்டால் பொது ஐபியும் மாறலாம்.

பிற்போடக் கேட்காதீர்கள், முற்போடுங்கள். அவர்களுடைய நாளுக்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமையோ போயா (பௌர்ணமி) விடுமுறையோ பார்த்து நீங்களே செய்யுங்கள். நிற்பது ஐந்து நிமிடம், அது ஆபத்தே இல்லை. 640 நாளாக எழும்பிப் பார்க்காத ஒன்று எழும்பும்போது எதை மறந்திருக்கிறது என்பதுதான் ஆபத்து, அதைச் சங்கம் பூட்டியிருக்கிற நாளில் கண்டுபிடிப்பது நல்லது.

செய்வதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள். இரண்டாவது டிஸ்க் ஏதும் இருந்தால் அது எஃப்எஸ்டாப் கோப்பில் (எழும்பும்போது எந்த டிஸ்க்கை இணைப்பது என்ற பட்டியல்) எழுதியிருக்கிறதா? அங்கே எழுதும்போது நோஃபெயில் என்பதையும் சேருங்கள், இல்லாவிட்டால் அந்த டிஸ்க் கிடைக்காதபோது இயந்திரம் அவசர நிலையில் போய் நின்றுகொண்டு, தூரத்திலிருந்து உள்ளே போகிற எஸ்எஸ்ஹெச்சையும் தராது. சேவைகள் எல்லாம் தானாகத் தொடங்கும்படி சிஸ்டம்டியில் எனேபிள் ஆகியிருக்கின்றனவா, அல்லது அந்த அண்ணா ஒரு இரவு கையால் ஓடவிட்டதா? ஃபயர்வால் விதிகள் சேமித்திருக்கின்றனவா, மெமரியில் மட்டும் இருக்கின்றனவா? அப்புறம் டிஸ்க்கின் ஸ்னப்ஷொட் (அந்த நேரத்துப் பிரதி) எடுங்கள், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஸ்னப்ஷொட்டை மட்டும் நம்பாமல் தனியாக டேட்டாவைக் கோப்பாக ஏற்றுமதி செய்த ஒரு டம்ப்பும் எடுத்து உங்கள் லப்டொப்பில் இறக்கி வையுங்கள்.

22.04 கதை அன்றைக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் செய்து ஏதாவது எழும்பாமல் போனால் எதனால் என்றே தெரியாது.

மாங்குளம்_சந்தி:

இவ்வளவு பாடு எதற்கு என்று விளங்கவில்லை. சங்க அறைக்குள் ஒரு கொம்பியூட்டரை வைத்து லோக்கலாக ஓடவிட்டால் ஜெர்மனியும் வேண்டாம் யூடிசியும் வேண்டாம். முந்தி எல்லாம் அப்படித்தானே இருந்தது.

வவுனியா_சேர்வர்காரன்:

ஓம், ஒரு இடிமின்னலோடு மதர்போர்டும் டிஸ்க்கும் சேர்ந்து கருகும்வரை அப்படித்தான் இருந்தது. ஐப்பசி மழைக்கு முன் வந்து பாருங்கள், என் மேசைக்குக் கீழே எரிந்த ரவுட்டர்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

தராசடி_ஓய்வு:

நான் கொம்பியூட்டர் ஆள் இல்லை, இன்னொரு சங்கத்தில் இருபது வருடம் நெல் எடுத்தவன். தம்பி, அந்த நாலு மணித்தியாலத்துக்கும் சிட்டைப் புத்தகம் ஒன்றைத் தராசடியில் வைத்துவிடும். கார்பன் தாள் போட்டு, தொடர் இலக்கம் அடித்தது. விவசாயியின் பெயர், மூடை எத்தனை, நிறை, ஈரப்பதம், கையெழுத்து. பின்னேரம் ஒரு பிள்ளை இருந்து கணினியில் ஏற்றினால் முடிந்தது. நெல்லைக் கொண்டுவந்தவனுக்கு உம்முடைய சேர்வர் எங்கே இருக்கிறது என்பது பற்றிக் கவலையில்லை, லான்ட்மாஸ்டருக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, துண்டு கையில் வந்தால் அவன் போய்விடுவான். சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதேயும்.

கனகராயன்_கரை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை செய்து முடித்தேன், நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஸ்டொப் செய்து ஸ்டார்ட் செய்ய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு மைஎஸ்கியூஎல் எழும்பவில்லை. வவுனியா அண்ணா சொன்ன மூன்றில் முதலாவதை நான் சரியாகப் பார்க்கவில்லை, எஃப்எஸ்டாப்பில் ஒரு வரி இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன், அது எப்போதோ கழற்றி எறிந்த ஒரு பழைய டிஸ்க்கின் வரி (நல்ல காலம் அதில் நோஃபெயில் இருந்தது). இப்போதைய டேட்டா டிஸ்க்கை அந்த அண்ணா கையால் மவுண்ட் செய்து (இணைத்து) விட்டிருக்கிறார். "ரீபூட் பண்ணாதே" என்றதற்கு முழுக் காரணமும் அதுதான். டிஸ்க்கின் அடையாள இலக்கமான யூயூஐடி பார்த்துச் சரியாக எழுதி, மவுண்ட் செய்து, டேட்டாபேஸ் எழும்பியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தது ஐபி மாறியிருந்தது. டொமைன் பெயரைப் புதிய ஐபிக்கு மாற்றி விட்டேன், அலுவலகக் கணினிகள் வேலை செய்தன. தராசடியில் இருக்கும் இரண்டு போன்கள் செய்யவில்லை, ஏனென்றால் அந்த ஆப்புக்குள் பெயருக்குப் பதிலாக ஐபி இலக்கத்தையே அந்த அண்ணா எழுதி வைத்திருக்கிறார்! அதைத் திருத்தி, போன்களில் திரும்பப் போட்டு முடிக்கப் பின்னேரம் 3 மணி. அதோடு நிரந்தர ஐபி ஒன்றும் எடுத்தாயிற்று. எல்லாம் முடிந்தபிறகு இன்னொரு முறை ஸ்டொப் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், நான் எதையும் தொடாமலே தானாக எழும்பியது. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் 11 ஆம் திகதி அறிவித்தலும் இல்லாமல் போய்விட்டது.

இனி 18.04 இலிருந்து எப்படி ஏறுவது என்று யாராவது சொல்வீர்களா?

அறிவியல்நகர்_அக்கா:

இரண்டாவது முறை நிறுத்திப் பார்த்தீர் பாரும், அதுதான் வேலை. அனேகமானவர்கள் அதைச் செய்வதில்லை.

அறுவடை முடியும்வரை பதிப்பைத் தொடாதேயும். குளத்துக் கட்டைக் கிளறுவது தண்ணீர் வற்றிய பிறகுதான், மார்கழி மழைக்குள் இல்லை. 18.04 க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டன என்பது உண்மைதான், ஆனால் உபுண்டு புரோ என்று ஒன்று இருக்கிறது, ஐந்து இயந்திரம்வரை காசில்லை, பதிவு செய்து ஒரு டோக்கனைக் கொடுத்தால் 2028 வரை திருத்தங்கள் வரும். இன்றைக்கு அதைப் போட்டுவிட்டு ஏப்ரலில் மெதுவாகத் தொடங்கும்.

ஏறும்போது 18.04 இலிருந்து நேரே 22.04 க்குப் பாய முடியாது, 20.04 இல் கால் வைத்துத்தான் போக வேண்டும். என்னைக் கேட்டால் அந்த வழியே வேண்டாம். புதிதாக ஒரு இயந்திரத்தில் 24.04 போட்டு, டேட்டாவை அங்கே ஏற்றி, மென்பொருளைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்து, சரி என்றால் நிரந்தர ஐபியைக் கழற்றி அதில் மாட்டும். பழையதை ஒரு மாதம் நிறுத்தி வைத்திரும், அழிக்காதேயும். புதியதை சிங்கப்பூரில் எடுத்தால் தூரமும் குறையும், ஆனால் அப்படி என்றால் ஐபி அதோடு சேர்ந்து வராது, அது அந்த வட்டாரத்துக்கு உரியது. அப்போது டொமைன் பதிவின் டிடிஎல்லை (மற்றக் கணினிகள் பழைய ஐபியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) முதல் நாளே 300 விநாடிக்குக் குறைத்துவிட்டு மாற்றும். ஆப்பில் பெயரைப் போட்டுவிட்டீர், அதனால் பயமில்லை.

உமக்கு இடி விழப்போவது மைஎஸ்கியூஎல்லில். 5.7 இலிருந்து 8.0 க்குப் போனால் திரும்பி வர முடியாது, டம்ப் எடுத்து வைத்தால் மட்டும்தான். 5.7 இன் இயல்பான எழுத்துக் குறிமுறை (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) லத்தீன்1, 8.0 இல் தமிழும் அடங்கும் யூடிஎஃப்8எம்பி4. விவசாயிகளின் தமிழ்ப் பெயர்கள் பழைய டேபிள்களில் லத்தீன்1 என்ற பெயரில் உட்கார்ந்திருந்தால், உள்ளே யூடிஎஃப் எழுத்துகள்தான் இருக்கும், அதை அப்படியே மாற்றினால் "செல்லத்துரை" என்பது கொம்பும் சுழியும் போட்ட இலத்தீன் குப்பையாக வரும், சனம் சங்கத்துக்கு வந்து சண்டை பிடிக்கும். பத்துப் பெயரை எடுத்து முதலில் சோதித்துப் பாரும். ரேங்க், குரூப்ஸ் என்று டேபிளில் ஏதாவது நிரலுக்கு (கொலம்) பெயர் வைத்திருந்தாலும் 8.0 இல் அவை ஒதுக்கப்பட்ட சொற்கள், அதைக் கேட்கும் கட்டளை பிழை காட்டி நிற்கும். மென்பொருள் எழுதியது பிஎச்பி மொழியில் என்றால் 18.04 இல் இருப்பது 7.2, 24.04 இல் 8.3, நடுவில் எடுத்தெறிந்தவை நிறைய, பிழைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக அமத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் அந்த மருமகனின் மின்னஞ்சலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், தொழில்நுட்பத் தொடர்பு என்று இன்னொரு முகவரி சேர்க்க இடம் இருக்கும். கார்ட் எப்போது காலாவதியாகிறது என்றும் கேளும்.

கனகராயன்_கரை:

நன்றி அக்கா. எழுத்துக் குறிமுறையைப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுபோலவே லத்தீன்1. ஏப்ரலுக்கு வேலை இருக்கிறது.

இன்று 11 ஆம் திகதி. அறிவித்தல் போய்விட்டது என்று தெரிந்தும் காலை 7:30 க்குச் சிட்டைப் புத்தகத்தோடு தராசடியில் போய் நின்றேன். பிராங்பேர்ட்டில் ஒன்றும் நடக்கவில்லை. 9 மணிக்கு இங்கே கரண்ட் போனது, புத்தகம் 40 பக்கம் எழுதியாயிற்று. என் மின்னஞ்சலையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி மருமகனுக்கு அனுப்பியிருக்கிறேன், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை.