ப்ராக்ஸிக்குத் தமிழில் என்ன? (ஞாயிறு இரவுக்குள் வேண்டும்)

திருச்சி, வியாழன் இரவு

அனைவருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை நிலவியல் இரண்டாமாண்டுக்கு, கடலடிப் படிவுகளை வைத்துப் பழைய கடலின் வெப்பத்தையும் உப்பையும் கணிப்பது பற்றிப் பாடம். முக்கால்வாசிப் பிள்ளைகள் பள்ளியில் தமிழ்வழி. போன வாரம் முன்னோட்டமாக "இதெல்லாம் ப்ராக்ஸி" என்று சொன்னேன், வகுப்பே சிரித்தது. அவர்களுக்கு ப்ராக்ஸி என்றால் வராதவனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் குரலை மாற்றி "உள்ளேன் அம்மா" சொல்வது.

எனக்கு வேண்டியது இது. 20,000 ஆண்டுக்கு முந்திய வங்கக் கடலில் வெப்பமானியைப் போட ஆளில்லை. ஆனால் அப்போது மேல்நீரில் மிதந்து, செத்து, அடியில் படிந்த ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரியின் சுண்ணாம்பு ஓடு இருக்கிறது. நீர் ஒரு டிகிரி சூடானால் ஓட்டில் கால்சியத்துக்கு எதிரான மக்னீசியத்தின் விகிதம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். விகிதத்தை அளந்து வெப்பத்தைச் சொல்கிறோம். அந்த விகிதம்தான் ப்ராக்ஸி. இப்போதைக்கு ஸ்லைடில் "சான்று" என்று போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

சென்னை, வியாழன் இரவு

பதிலி. கணினிக்காரர்கள் பல வருஷமாகப் புழங்குகிறோம். ப்ராக்ஸி சர்வர் = பதிலிச் சேவையகம். இருக்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதுவும் காய்ச்ச வேண்டாம்.

தஞ்சாவூர், வெள்ளி காலை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தம்பி அவசரப்பட்டுவிட்டார். "பதில்" தமிழே அன்று. "பதல்" என்ற சொல் அரபியில் கிளம்பி உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது, அகராதியைப் புரட்டினால் தெரியும். அதன் வாலில் ஓர் இகரத்தை ஒட்டிவிட்டால் தமிழாகிவிடுமா?

நம் இலக்கணத்தில் இதற்கு நேரான கருத்து எப்போதோ இருக்கிறது. ஆகுபெயர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. "ஊர் சிரித்தது" என்றால் ஊரா சிரித்தது? "கார் அறுத்தான்" என்பதைப் பாருங்கள். கார் என்பது கருமை. கருமை மேகத்துக்கு ஆகி, மேகம் பருவத்துக்கு ஆகி, பருவம் அப்போது விளையும் நெல்லுக்கு ஆகி, மும்மடியாகுபெயர். நீங்கள் சொல்லும் மக்னீசியம் ஓட்டுக்கு, ஓடு நீருக்கு, நீர் வெப்பத்துக்கு. இதுவும் மும்மடிதான்! ஆகவே "ஆகுபொருள்" என்று சொல்லலாம். இல்லையென்றால் மணிமேகலை சொல்லும் அளவைகளுள் கருதல் இருக்கிறது, புகையைக் கண்டு நெருப்பை உணர்வது. அதன் வழியே "கருதுகுறி". தூய தமிழில் ஒரே சொல்லாக வேண்டுமானால் "ஈடு" என்பதிலிருந்து "ஈடி".

சென்னை, வெள்ளி காலை

ஐயா, "ஈடி" என்று ஸ்லைடில் போட்டால் கல்லூரிக்கு ரெய்டு வந்துவிட்டது என்று பிள்ளைகள் ஓடிவிடும். :-)

பதில் உருது என்றால் "வக்கீல்", "வசூல்", "ஜில்லா" எல்லாவற்றையும் கப்பலேற்றுங்கள். வடசொல்லையே வடவெழுத்தை நீக்கி ஏற்றுக்கொள்ள இடம் கொடுத்தவர் தொல்காப்பியர், ஓர் உருதுச் சொல்லுக்கு மாட்டேன் என்றிருப்பாரா?

யாழ்ப்பாணம், வெள்ளி மாலை

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கட பாடப்புத்தகங்களில் இதைப்போன்றவற்றுக்குக் "காட்டி" என்ற ஈறு அறுபது எழுபது வருடமாக நிற்கிறது. பாசிச்சாயத்தாள் (நீங்கள் லிட்மஸ் தாள் என்பது) ஒரு காட்டி. ஆகவே "தொல்வெப்பக்காட்டி", "தொல்லுவர்க்காட்டி". பிள்ளைகளுக்குக் கேட்ட மாத்திரத்தில் விளங்கும். இன்னொன்று, படிவு என்கிறீர்கள், நாங்கள் அடையல் என்போம், அடையற்பாறை. நீங்கள் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு) என்று எழுத்துப்பெயர்ப்பது எங்களுக்குச் சமதானி. ஒரே மொழிக்கு இரண்டு கலைச்சொல் மரபு இருக்கட்டும், குறைந்தபட்சம் மற்றது இருக்கிறது என்றாவது ஒரு வரி போடுங்கள்.

சென்னை, வெள்ளி மாலை

திசைகாட்டி, வழிகாட்டி, கைகாட்டி... காட்டிக் கூட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது.

யாழ்ப்பாணம், வெள்ளி இரவு

நிரம்பி வழிகிறது என்றால் பிள்ளைகளுக்குப் பழகிய சொல் என்றுதானே அர்த்தம், தம்பி? அது குறையா?

கோவா, வெள்ளி பின்னிரவு

நான் இந்த ஓடுகளோடுதான் பிழைப்பு நடத்துகிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுத உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், "சான்று" வேண்டவே வேண்டாம். 1955இல் சிசாரே எமிலியானி, கடலடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தண்டுகளில் (நாங்கள் கோர் என்போம்) ஓடுகளில் எடை கூடிய ஐசோடோப்பான ஆக்சிஜன்-18 ஏறி இறங்குவதைப் பார்த்து, அதில் பெரும்பங்கை வெப்பத்தின் கணக்கில் எழுதினார். 1967இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் குறுக்கே வந்தார். கடலின் அடித்தரையில் வாழும் ஃபோராம்களிலும் கிட்டத்தட்ட அதே ஏற்ற இறக்கம் இருக்கிறதே, அடிநீர் இப்போதே உறைநிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது, அது இன்னும் எவ்வளவுதான் குளிரும் என்று கேட்டார். விஷயம் பனி. எடை குறைந்த ஆக்சிஜன்-16 உள்ள நீர் எளிதாக ஆவியாகி, வடக்கே பனிப்பாளமாகப் போய் உட்கார்ந்துவிட்டது, கடலில் 18 மிஞ்சியது. கடல்மட்டம் 120 மீட்டர் வரை இறங்கியிருந்த காலம் அது. அம்மாவின் வகுப்பு உவமையையே எடுத்துக்கொண்டால், ஒரே ஓடு ஒரே மூச்சில் மூன்று பேருக்கு "உள்ளேன்" சொல்கிறது: வெப்பம், பனி, உப்பு. யாருக்காகச் சொன்னது என்று பிரிப்பதுதான் எங்கள் வேலை. "சான்று" என்றால் பிள்ளைகள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது போல நம்பிவிடுவார்கள்.

இரண்டாவது, காட்டிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. காட்டி ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சொன்னால் போதும். ப்ராக்ஸியில் ஒரு சமன்பாடு வேண்டும், எண் வேண்டும். இன்றைய கடலில் அளந்து ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். பாசிகள் உண்டாக்கும் ஆல்கினோன் என்ற கொழுப்புப் பொருளின் 37 கார்பன் நீளமுள்ள சங்கிலிகளை எடுங்கள், நீர் சூடாக இருந்தால் அவற்றில் இரட்டைப் பிணைப்பு குறையும், 1986 முதல் அதை வைத்து வெப்பம் சொல்கிறார்கள். அதை உண்டாக்கும் பாசிகளில் முக்கியமானது எமிலியானியா ஹக்ஸ்லேயி. ஆமாம், அதே எமிலியானி. மனிதர் ஒரு ப்ராக்ஸியில் சறுக்கினாலும் இன்னொரு ப்ராக்ஸிக்குப் பெயராகிவிட்டார்.

உப்புதான் பாவம். மக்னீசியத்தால் வெப்பத்தை எடுத்து, அதை ஆக்சிஜன் கணக்கில் கழித்து, பனியின் பங்கையும் கழித்து, மிச்சத்தை உப்பு என்கிறோம். எல்லார் பிழையும் அந்த மிச்சத்தில் வந்து சேரும், கடைசிப் பந்தி இலைக்கு வரும் சாம்பார் மாதிரி.

இன்று காலை முழுக்கப் பொறுக்கல். 63 மைக்ரான் சல்லடையில் சேற்றைக் கழுவி, காய்ந்ததில் 250 முதல் 355 மைக்ரான் வரை உள்ளதைக் கறுப்புத் தட்டில் பரப்பி, நாலைந்து மயிரே உள்ள தூரிகையை ஈரமாக்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். நான் தேடும் ஃபோராம் இனம் குளோபிஜெரினாய்டிஸ் ரூபர், மூன்று பொரியுருண்டையை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். முப்பது தேற்றியபோது தும்மினேன். பதினொன்றைக் காணவில்லை.

தஞ்சாவூர், சனி காலை

கோவா நண்பரின் மடலை இரண்டு முறை படித்தேன், மகிழ்ச்சி. ரூபர் என்றால் இலத்தீனில் சிவப்பு. மூன்று உருண்டை என்கிறீர்கள். "செம்மூவுருளி" என்று வைக்கலாமே? ஃபோராமினிஃபெரா என்பதற்கும் துளை தாங்கி என்றுதான் பொருள். "துளைதாங்கி" அல்லது "துளையோட்டுயிரி".

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழிலி நல்காவிட்டால் நெடுங்கடலும் தன் நீர்மை குன்றும் என்று வள்ளுவர் சொன்னது இதைத்தானே? மழை குறைந்தால் கடலின் உப்பு மாறும். நீர்மை என்ற சொல்லையே கலைச்சொல்லாக ஏற்றால் வெப்பமும் உப்பும் இரண்டும் அடங்கும். "தொல்நீர்மையியல்"!

கோவா, சனி மதியம்

ஐயா, பரிமேலழகர் அங்கே நீர்வாழ் உயிர்கள் பிறவாமையும் மணி முதலியன படாமையும் என்றுதான் உரை எழுதுகிறார், உப்பு என்று அல்ல. ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். பனியூழி உச்சத்தில், அதாவது அந்த 20,000 ஆண்டுக்கு முன், தென்மேற்குப் பருவமழை நலிந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவரும் நன்னீர் குறைந்து, வங்கக் கடலின் மேல்நீர் இன்றைவிட உப்பேறித்தான் இருந்தது. 2014 கடைசியில் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் மகாநதிக்கு வெளியேயும் அந்தமான் பக்கமும் துளையிட்டதும் இந்தப் பருவமழை வரலாற்றுக்காகத்தான். எழிலி விஷயத்தில் வள்ளுவர் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மூவுருளி மட்டும் வேண்டாம். ரூபரில் இளஞ்சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வகை. நம் கடலில் இளஞ்சிவப்பு 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது, அதை ஒரு காலக்குறியாகவே பயன்படுத்துகிறோம். வெள்ளையைப் பார்த்துச் செம் என்று பிள்ளைகளைச் சொல்ல வைக்காதீர்கள். நாங்கள் ஃபோராம் என்கிறோம், அதுவே இருக்கட்டும்.

சென்னை, சனி மதியம்

தலைப்பை மாற்றுங்கள். இது இப்போது உரைவேறுபாட்டு இழை.

திருச்சி, சனி இரவு

எல்லோருக்கும் நன்றி, சிரித்துச் சிரித்து ஸ்லைடு பாதியில் நிற்கிறது. ஒரு துணைக்கேள்வி. உயிரி தன் உடம்பின் வேலையால் ஓட்டின் வேதியியலைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறதே, அதற்கு "உயிர்விளைவு" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தஞ்சாவூர், சனி இரவு

மெய்ப்பாடு! உள்ளே நிகழ்வது உடம்பில் வெளிப்படுவது. தொல்காப்பியத்தில் எட்டு உண்டு, ஒன்பதாவதாக இதையும் சேர்ப்போம்.

கோவா, சனி இரவு

உயிர்விளைவே போதும் அம்மா. ஃபோராமுக்கு நகையும் அழுகையும் வேண்டாம்.

யாழ்ப்பாணம், ஞாயிறு காலை

ஒரு கேள்வி. "பதிலி" என்று போட்டால் அந்தப் பிள்ளைகள் இலங்கையில் அச்சான புத்தகத்தைத் திறந்து "காட்டி" என்று கண்டால் இரண்டும் ஒன்றென்று எப்படித் தெரியும்? கோவா நண்பர் சொன்ன வேறுபாடு எனக்கு விளங்குகிறது, ஆனால் எண் சொல்வதால் அது காட்டி இல்லை என்றால் வெப்பமானி எதைச் செய்கிறது? காட்டுகிறதுதானே? உவர்ப்பியம் என்று நீங்கள் எழுதும் இடத்திலும் நாங்கள் உவர்த்தன்மை என்கிறோம், அதில் நான் சண்டைக்கு வரவில்லை. இதில் வருகிறேன்.

திருச்சி, ஞாயிறு இரவு

முடிவு எடுக்க வேண்டிய நேரம். பதிலிக்கு இங்கே மூன்று பேர், தனிமடலில் இரண்டு பேர். கருதுகுறிக்கு ஐயா ஒருவர். காட்டிக்கு யாழ்ப்பாணம் ஒருவர், ஆனால் வாதத்தில் அவர்தான் என்னை அதிகம் அசைத்தவர். பதிலி என்று போட்டுவிட்டேன், இன்னொருவர் இடத்தில் நின்று பதில் சொல்வது என்ற பொருள் அதில் கேட்கிறது. உருது என்ற புகாரை ஐயா மன்னிக்க வேண்டும். அடிக்குறிப்பில் காட்டி, அடையல், சமதானி, உவர்த்தன்மை நான்கும் இருக்கின்றன.

திருச்சி, திங்கள் மாலை

வகுப்பு முடிந்தது. பதிலி என்று எழுதிப் போட்டேன், ஒரு பையன் எழுந்து "அப்போ ப்ராக்ஸிதானே மேடம்?" என்றான். மற்றவர்கள் நோட்டில் ப்ராக்ஸி என்றுதான் எழுதினார்கள், எட்டிப் பார்த்தேன். "ஒரே ஓடு மூணு பேருக்கு அட்டெண்டன்ஸ் போடுது" என்பது மட்டும் கடைசி பெஞ்ச் வரை போய்ச் சேர்ந்தது. ஸ்லைடை இணைத்திருக்கிறேன்.

தஞ்சாவூர், திங்கள் இரவு

கருதுகுறி என்பதை நான் கைவிடவில்லை என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

கோவா, செவ்வாய் காலை

ஏழாவது ஸ்லைடில் ரூபர் படம் இளஞ்சிவப்பு, தலைப்பு வங்கக் கடல், 20,000 ஆண்டு. அட்லாண்டிக் படத்தை எடுத்துப் போட்டுவிட்டீர்கள் போல. வெள்ளைப் படம் ஒன்று அனுப்புகிறேன், தும்மலில் தப்பித்த பத்தொன்பதில் ஒன்று.