கலம்போலியில் முதல் வேலை: சம்பளம் கேட்டேன், டீசல் கணக்கு கேட்கவில்லை

தாராவி டிரைவர்:

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தாயிற்று, எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் இந்த மாதம் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் முதல் கம்பெனியைப் பற்றிக் கீழே எழுதுங்கள்.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி லைசென்ஸுக்கு எட்டாவது பாஸ் வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்தார்கள். அதன் பிறகுதான் எனக்கு வழி திறந்தது. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆனால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட முடியும். அந்த ஒரு வருடம் வாஷி மார்க்கெட்டிலிருந்து தாராவிக்குச் சின்ன டெம்போவில் காய்கறி அடித்தேன். 2021-ல் ஹெவி வந்தது. அடுத்த வாரமே நவி மும்பைப் பக்கம் இருக்கிற கலம்போலி போய்விட்டேன்.

ஸ்டீல் மார்க்கெட்டைச் சுற்றி லாரி ஆபீஸ்களுக்குக் குறைவில்லை. நான் ஏறி இறங்கியதில் இரண்டு இடங்களில் வேலை தருவதாகச் சொன்னார்கள். ஒன்றில் மாதம் 20,000, இன்னொன்றில் 16,000. டிரிப் படி இரண்டிலும் 500. யாராக இருந்தாலும் எங்கே போவார்கள்? நானும் 20,000-க்குத்தான் போனேன். அங்கே என்னை வண்டி ஓட்டிக் காட்டக்கூடச் சொல்லவில்லை. "ஃபைலுக்கு" என்று ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்கள். ரோட்டில் போலீஸுக்கு டிஜிலாக்கரில் காட்டினால் போதும் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

வேலை இதுதான். பக்கத்துத் தலோஜாவில் ஸ்டீல் தகட்டுச் சுருள் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் புனே அருகே இருக்கிற சாக்கனில் இறக்க வேண்டும். திரும்பும்போது அங்கிருந்து இரும்பு வார்ப்பு லோடு. பத்துச் சக்கர வண்டி, போய்வர 210 கிலோமீட்டர். டீசலை மட்டும் அளந்து தருவார்கள், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கணக்கில் 52 லிட்டர். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, கூடினால் சம்பளத்தில் பிடித்தம். சேரும்போது அவர்கள் இதைச் சொன்னபோது நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

போர்காட் மலை ஏறுகிற லோடு வண்டிக்கு 52 போதாது. சனி, ஞாயிறு என்றால் எக்ஸ்பிரஸ்வேயில் கார்கள் அடைத்துக்கொள்ளும், முதல் கியரில் ஊர்ந்தே ஏற வேண்டும். எனக்கு 59 லிட்டர் ஆகும். ஏழு லிட்டர் கூடுதல், அப்போது லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். படி 500 முழுக்க அதில் போய், மேலே சம்பளத்திலும் கை வைப்பார்கள். இரண்டாவது வாரம் அதே கம்பெனியின் இன்னொரு டிரைவர், திரும்பி மலை இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க வழி சொல்லிக் கொடுத்தார். "கண்டாலா தாண்டினதும் நியூட்ரல் போட்டு விடு. எல்லாரும் அப்படித்தான் இறங்கறாங்க."

போட்டேன். மூன்று தடவை ஒன்றும் ஆகவில்லை. நாலாவது தடவை சாயங்காலம், முழு லோடு. கீழே கோபோலி விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. வண்டி எடுத்த வேகத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். முதலில் பிரேக் லைனர் கருகும் நாற்றம். அப்புறம் மிதித்தால் பிடிக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் வேகம் குறையவில்லை. பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டுகிற ஏர் மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வந்து பஸ்ஸர் அடிக்கத் தொடங்கியது. கியர் போடப் பார்த்தால் அந்த வேகத்தில் விழவே இல்லை, ராடு கையை உதறித் தள்ளியது. சரிவு கொஞ்சம் தணிந்த ஓரிடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து அஞ்சாவது கியரை அடித்து இறக்கினேன், விழுந்தது. மலைப் பக்க ஓரத்தில் நிறுத்தியபோது பின் சக்கரம் எல்லாம் புகை. கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. எனக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார் போய்க்கொண்டிருந்தது, பின் சீட்டில் ஒரு குழந்தை திரும்பி என் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றும் அந்த இடத்தைத் தாண்டும்போது அந்த முகம் வரும்.

மறுநாளே விலகுகிறேன் என்றேன். லைசென்ஸ் வரவில்லை. டீசல் பாக்கி, லைனர் செலவு என்று கணக்குக் காட்டினார்கள். 11 நாள் சம்பளம் போனது. எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், முப்பது வருடம் லாரி ஓட்டியவர், கூட வந்து உட்கார்ந்து பேசிய பிறகுதான் டிராயர் திறந்தது. அவரே என்னை அந்த 16,000 கம்பெனிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே முதலில் யார்டில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். மூன்று முறை தப்பாகப் போனது, நாலாவது முறை சொல்லித் தந்தார்கள். அப்புறம் 15 நாள் சீனியர் ஒருவர் பக்கத்து சீட்டில். டீசல் டேங்க் ஃபுல், திரும்பி வந்து மறுபடி ஃபுல். மைலேஜ் குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள், சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். அந்த சீனியர் இறக்கத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்துவார். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் ஹப் பக்கத்திலும் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பார். "ஏறின கியர்லயே இறங்கணும் தம்பி, எக்சாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கோ" என்பார். இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற பிரேக் அது. அவர் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் அடிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கு டீசல் குடிக்கும். எந்த மிச்சத்துக்காக நான் உயிரைக் கொடுக்க இருந்தேனோ, அந்த மிச்சமே நினைத்த மாதிரி இல்லை.

நவசேவா கண்டெய்னர்:

அண்ணே, படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. எனக்கு மலை இல்லை, ஆனால் காத்திருப்பு. 2018-ல் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டச் சேர்ந்தேன். "மாதம் 25 டிரிப், டிரிப்புக்குப் படி" என்றார்கள். கணக்குப் போட்டு வீட்டுக்குக் கூடச் சொல்லிவிட்டேன். போனால் கேட்டுக்கு முன்னால் வரிசை. கண்டெய்னரை உள்ளே விடுவதற்கான பேப்பர் ஃபார்ம் 13, அதில் ஒரு எழுத்து தப்பு என்றால் திரும்பப் போ என்பார்கள். உள்ளே போய் இறக்கி வெளியே வர ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள். முதல் மாதம் 13 டிரிப்தான் ஓடியது. நின்ற நாளுக்குக் காசு இல்லை. சாப்பாடு மட்டும் நின்ற நாளிலும் வேண்டும் அல்லவா? பாத்ரூம் போக வண்டியை விட்டு இறங்கினால் வரிசை நகர்ந்துவிடும் என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து கல்லடைப்பு வந்தது.

அதனால் புதுசாக வருகிறவர்கள் ஹால்டிங் படி, அதாவது வண்டி காத்து நிற்கிற நேரத்துக்கான காசு, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, எவ்வளவு என்று கேளுங்கள். வாடிக்கையாளரிடம் கம்பெனி ஹால்டிங் வாங்குகிறது, அது டிரைவர் கைக்கு வருகிறதா என்பதுதான் விஷயம். அதை ஆபீஸில் கேட்காதீர்கள். சாயங்காலம் அவர்கள் வண்டி நிற்கிற டீக்கடையில் டிரைவர்களிடம் கேளுங்கள். கிளம்பும் முன் கதவு சீல் நம்பரை பேப்பரோடு ஒத்துப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீல் மாறினால் சரக்குக் குறைவு உங்கள் தலையில்தான்.

சங்ககிரி லோடு:

வணக்கமுங்க. ஊரிலிருந்து வாஷிக்குத் தேங்காயும் மஞ்சளும் கொண்டு வருகிறவன். நான் முதலில் ஓட்டியது மாமா முறை ஆகிற ஒருத்தர் வண்டி. சொந்தம் என்பதால் எதையும் கேட்கவில்லை. ஓவர்லோடு ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பிடிபட்டபோது போனில் மாமா சொன்னது, "நீ ஏன் அந்த ரோட்ல போன?" பாதியை என் கணக்கில் எழுதினார். அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த காசு அது. கம்பெனியோ சொந்தமோ, அபராதம் வந்தால் யார் கட்டுவது என்று முதல் நாளே வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். சொந்தக்காரரிடம் கேட்பதுதான் கஷ்டம், அங்கேதான் அவசியமும்.

சீத்தா கேம்ப், டிரைவர் மனைவி:

நான் வண்டி ஓட்டுகிறவள் இல்லை. ஆனால் எழுதியே ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் பிவண்டியில் கோடவுன் லோடு இறக்கும்போது பெட்டி சரிந்து கால் எலும்பு முறிந்தது. சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ., பி.எஃப். என்று பிடித்திருந்தார்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன். அவர் பெயரில் இ.எஸ்.ஐ. நம்பரே இல்லை என்றார்கள். பதினாலு மாதம் பிடித்த காசு எங்கும் கட்டப்படவில்லை. ஆபரேஷனுக்கு என் தாலிச் சங்கிலி போனது, ஆறு மாதம் வீட்டில் வருமானம் இல்லை.

தம்பிகளா, சேர்ந்த முதல் மாதமே பி.எஃப்.-க்கான யு.ஏ.என். நம்பரை வாங்குங்கள். போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காசு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ. நம்பரையும் கேளுங்கள், அதில் மனைவி, குழந்தை, அம்மா பெயர் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் அந்த நம்பர்களைக் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள். உங்களுக்கு ஏதாவது என்றால் அலைவது நாங்கள்தான்.

ஆன்டாப் ஹில் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. தாராவி அண்ணன் சொன்ன அந்த இரண்டு பேரில் நான் ஒருவன். நாளைக் காலை தலோஜாவில் ஒரு கம்பெனிக்குப் போகிறேன். மாதம் 22,000, டீசல் லிட்டர் கணக்கு என்கிறார்கள். இவ்வளவு படித்த பிறகும் 22 என்ற எண் கண்ணை இழுக்கிறது அண்ணே, அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. போகட்டுமா வேண்டாமா?

தாராவி டிரைவர்:

போ. ஆனால் மூன்று விஷயம் கேட்டுவிட்டு முடிவு பண்ணு. லிட்டருக்கு லோடு வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர், காலி வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் கணக்கு, மலை ரூட்டுக்குத் தனிக் கணக்கு உண்டா? டிராஃபிக்கில் நின்றால் என்ன பண்ணுவார்கள்? முதல் பதினைந்து நாள் கூட யார் உட்காருவார்கள்? மூன்றாவதுக்கு "நீயே பழகிக்குவ" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடு. அங்கே ஏற்கெனவே ஓட்டுகிற ஒருவரைத் தனியாகப் பிடித்து, போன மாதம் டீசலுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று கேள். 22-ல் நாலாயிரம் பிடித்தம் போனால் அது 18-தான், அதைக் கழித்துவிட்டு அப்பா செலவுக் கணக்கைப் போடு.

ஒரிஜினல் லைசென்ஸை நாளைக்கு எடுத்துப் போகாதே. ஜெராக்ஸும் போனும் போதும். எனக்கு நாளை மதியம் வரை ஓட்டம் இல்லை. ஒன்பது மணிக்குக் கலம்போலி சர்க்கிளில் நில், நானும் வருகிறேன்.