ஹாஸ்டல் மாணவன், வயது 20: 6,000 ரூபாய்க்குள் மருத்துவக் காப்பீடு எடுக்க முடியுமா? (கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பதிவுக்கு மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மூணாவது செமஸ்டர்

வணக்கம். கோவையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டல். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலர். சம்பளம் 16,000, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். தங்கை பிளஸ் டூ. காலேஜ் ஃபீஸ் ரசீதில் ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. பேங்க் அக்கவுண்ட்டில் வருஷா வருஷம் 20 ரூபாய் பிடித்தம் ஆகிறது. இதெல்லாம் போதுமா, தனியாக ஒன்று எடுக்கணுமா?

தெரிந்த ஏஜென்ட் ஒருவர் நாலு பேருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஃப்ளோட்டர் போடலாம் என்கிறார். அப்பாவுக்கு 52 வயது, சுகர் உண்டு. எனக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங், எப்போதாவது இன்ஹேலர். அதை ஃபார்மில் எழுத வேண்டாம், எழுதினால் பாலிசி வராது என்றும் சொன்னார். என் பட்ஜெட் வருஷத்துக்கு 6,000.

நொய்யல்கரை

தம்பி, வாங்குவதற்கு முன் கையில் இருப்பதை எண்ணிப் பார்த்துவிடுவோம்.

அந்த 20 ரூபாய் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். விபத்தில் இறந்தால் அல்லது முழு ஊனமானால் 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை. ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு பைசா தராது. பாதிப் பேர் இதை மருத்துவக் காப்பீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலேஜ் ரசீதில் இருப்பது பெரும்பாலும் குழு விபத்துக் காப்பீடாகத்தான் இருக்கும். டெங்கு, அப்பெண்டிக்ஸ் எதுவும் அதில் வராது. ஆபீஸில் பாலிசி நகல் கேட்டு வாங்கி மூன்று விஷயம் பார்: காய்ச்சல் மாதிரி நோய்களும் உண்டா, விபத்துச் சிகிச்சைக்கு எவ்வளவு உச்சவரம்பு, லீவு நாளில் ஊரில் அடிபட்டாலும் செல்லுமா.

உன்னிடம் இருக்கிற உருப்படியான பாதுகாப்பு இ.எஸ்.ஐ. தான். அப்பா சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 120 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம். குடும்பத்துக்கே சிகிச்சை உண்டு, பழைய நோய் என்று தள்ளவும் மாட்டார்கள். அப்பாவின் இ-பெஹ்சான் கார்டில் (இ.எஸ்.ஐ. அடையாள அட்டை) உன் பெயரும் ஆதாரும் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பார். கோவையில் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உனக்குப் பக்கம்தான்.

ஆனால் படிக்கிற மகனுக்கு இ.எஸ்.ஐ. 21 வயது முடியும் வரைதான். கல்யாணம் ஆகாத மகளுக்கு அந்த வயது வரம்பு கிடையாது. ஆக, உன் தங்கைக்கு ஓடும், உனக்கு மூன்றாம் ஆண்டு நடுவிலேயே நின்றுவிடும். அப்பா வேலையை விட்டாலோ சம்பளம் 21,000 தாண்டினாலோ உடனே அறுந்துபோகாது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்கு வராது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்கணும். அப்பா சம்பளம் மட்டுமே 1,92,000 ஆகிறது.

பிரீமியம் ரசீது

மேலே சொன்னது சரி. 21 வரை ஓடும் என்று சும்மா இருக்க வேண்டாம், இப்போதே எடுக்கணும் என்பது என் கட்சி. காரணம் காத்திருப்புக் காலம். பாலிசி போட்ட முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிளெய்ம் இல்லை. மூலம், ஹெர்னியா, சிறுநீரகக் கல், சைனஸ், டான்சில் போன்றவற்றுக்கு வழக்கமாக 24 மாதம். ஏற்கனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். 2024-க்கு முன் 48 ஆக இருந்தது. இந்தக் கடிகாரம் இ.எஸ்.ஐ. இருக்கும்போதே ஓடித் தீர்ந்துவிட்டால் உனக்குத்தான் லாபம்.

உன் பட்ஜெட்டுக்கு ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பார். 2020-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதிமுறையோடு கொண்டுவந்தது. விதி ஒன்றுதான், பிரீமியம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் நாலைந்து கம்பெனி தளத்தில் வயதைப் போட்டு, விலையையும் உன் காலேஜ் பக்கத்து நெட்வொர்க் ஆஸ்பத்திரிகளையும் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவை) ஒப்பிட்டாலே போதும். 20 வயதில் 5 லட்சத்துக்குப் பெரும்பாலும் உன் 6,000-க்குள் அடங்கும். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. 18 சதவீதம் சேர்த்து யாராவது கொட்டேஷன் காட்டினால் அது பழசு.

மலிவுக்கு விலை உண்டு. ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் உன் கைக்காசு. ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிலும் நாளுக்கு 5,000-க்கு மேல் இல்லை. நிறையப் பேர் வழுக்கி விழுவது இந்த வரியில்தான். 2 லட்சம் பாலிசி என்றால் வரம்பு 4,000. நீ 8,000 ரூமில் நாலு நாள் படுத்தால் 32,000-இல் 16,000 தருவார்கள். அதோடு விடமாட்டார்கள்: டாக்டர், நர்சிங், தியேட்டர் சார்ஜ் 40,000 என்றால் அதையும் அதே விகிதத்தில் பாதியாக்கி 20,000 தருவார்கள். மருந்து, டெஸ்ட் 28,000 முழுசாக வரும். மொத்த பில் ஒரு லட்சம், கணக்கில் ஏறுவது 64,000. 5 சதவீதம் போக கைக்கு 60,800. வரம்புக்குள் ரூம் எடுத்திருந்தால் இந்த வெட்டு விழாது. அட்மிஷன் டெஸ்க்கில் “டீலக்ஸ்தான் காலியாக இருக்கு” என்றால் அவசரப்பட்டுத் தலையாட்டாதே, ஷேரிங் ரூம் கேள்.

ஃப்ளோட்டர் இப்போது வேண்டாம். பிரீமியம் மூத்தவர் வயதை வைத்துத்தான் போடுவார்கள், 52 வயதும் சுகரும் சேர்ந்தால் உன் பட்ஜெட் தாங்காது. 10 லட்சம் என்பதும் நாலு பேர் பங்கு போடும் ஒரே பாத்திரம். 25 வயதுக்கு மேல் எப்படியும் நீ வெளியே வரணும். வீட்டில் மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது.

18 முடிந்ததால் உன் பெயரிலேயே எடுக்கலாம். ஆதார் வேண்டும், பான் இல்லையென்றால் அதற்குப் பதிலான உறுதிமொழிப் படிவம். பாலிசி வந்து 30 நாளைக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி

வீசிங் விஷயத்தில் அந்த ஏஜென்ட் சொன்னதைக் கேட்காதே. அவருக்குக் கமிஷன் இப்போது, உனக்குச் சிக்கல் பின்னால். அட்மிஷனில் ட்யூட்டி டாக்டர் முதலில் கேட்பதே “ஏதாவது பழைய பிரச்சனை உண்டா?” என்றுதான். “சின்ன வயதிலிருந்து வீசிங்” என்று நீ சொல்வாய், அவர் கேஸ் ஷீட்டில் எழுதுவார். அந்த ஒரு வரி போதும். கம்பெனி அதை உன் ஃபார்மோடு ஒத்துப் பார்த்து, மறைத்தாய் என்று கிளெய்மை மறுக்கும். பாலிசியையே ரத்து செய்யவும் செய்யலாம். தொடர்ந்து 5 ஆண்டு கட்டியபிறகுதான், மோசடி தவிர, இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. எழுதிக் கொடு: எப்போதிலிருந்து, என்ன இன்ஹேலர், கடைசியாக எப்போது அட்மிட் ஆனாய். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், அல்லது மூச்சு சம்பந்தமானதற்கு மட்டும் 36 மாதம் காத்திருக்கச் சொல்லலாம். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றில் கேள்.

ஹாஸ்டல் பசங்கள் அதிகம் படுப்பது டெங்குவில். 24 மணி நேரம் அட்மிஷன் இல்லாமல் கிளெய்ம் இல்லை. ‘அப்சர்வேஷனுக்காக மட்டும்’ என்று எழுதினாலும் மறுப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ட்ரிப்ஸ், ஊசி, தினசரி பிளேட்லெட் கணக்கு எல்லாம் இருக்கிறதா பார்த்து வாங்கு.

அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் போகணும். நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இ-கார்டும் ஆதாரும் கொடுத்தால் அனுமதிப் படிவம் அவர்களே அனுப்புவார்கள். ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்தில் முடிவு வரணும் என்பது விதி. காசு கட்டிப் பிறகு வாங்குவதென்றால் ஒரிஜினல் பில், மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், கேன்சல் செய்த செக், இரண்டு பகுதி கிளெய்ம் ஃபார்ம். ‘பி’ பகுதியை ஆஸ்பத்திரி நிரப்பி முத்திரை வைக்கணும். சீட்டு இல்லாத மருந்து பில் நிற்காது.

பைக்கில் விழுந்தால் ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) காப்பி வாங்காமல் வெளியே வராதே. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரம் இலவசம். எந்தக் கார்டும் தேவையில்லை.

மூணாவது செமஸ்டர்

ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். வீசிங் எழுதியே போடுகிறேன். இன்னொன்று: என் ரூம்மேட் வீட்டில் அம்மா மட்டும், கூலி வேலை. அவனுக்கும் இதே பாலிசிதானா?

நொய்யல்கரை

அவன் காசு செலவழிக்கவே வேண்டாம். முதலமைச்சர் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், பிரீமியம் இல்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு அவன் மாவட்டக் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அம்மா போகணும். ரேஷன் கார்டில் அவன் பெயர் இருக்கணும், இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்கச் சொல். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும்தான் செல்லும். அட்மிஷனுக்கு முன் 1800 425 3993-க்குப் போன் போட்டு, அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சிகிச்சைக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும். இலவச எண்தான்.

பிரீமியம் ரசீது

ஒன்று விட்டுப்போச்சு. கிளெய்ம் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுது. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதத்தை மட்டும் எழுத்தில் வாங்கி வை, போனில் சொன்னதை எங்கேயும் காட்ட முடியாது.