இந்த வாரச் சொல்: காத்திருப்பு

(குடும்பக் குழு. ஆயா வாரம் ஒரு சொல் கொடுப்பார்; அதற்குப் பொருந்தும் புகைப்படத்தை எல்லாரும் எடுத்து அனுப்ப வேண்டும். மே மாதம், சனிக்கிழமை இரவு.)

பெரிய அக்கா: ஆயா இந்த வாரத்துக்குக் கொடுத்த சொல் 'காத்திருப்பு'. எண்பதாவது பிறந்தநாள் ஆல்பத்தில் இதுதான் கடைசிப் பக்கம் என்பதால், இன்று இரவுக்குள் எல்லாரும் படங்களை அனுப்பிவிடுங்கள். நாளைக் காலை ஸ்டுடியோவில் கொடுத்தாக வேண்டும்.

குட்டித் தம்பி: தண்ணீர் லாரி வருவதற்கு முன்னால் நம் தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கும் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

சித்தி: முன்னால் இருக்கும் பச்சைக் குடம் நம்முடையதுதானே? போன வாரத்திலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குட்டித் தம்பி: அது மாடி வீட்டு அக்காவின் குடம், சித்தி.

சித்தி: கழுத்தில் வெள்ளைக் கயிறு கட்டியிருக்கிறதே, அந்த முடிச்சு நான் போட்டது.

பெரியப்பா: ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்பைக் காலை வெளிச்சத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது என்பதை இளையவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பம்பாயில் 1853இலும் ஹவுராவில் 1854இலும் ரயில் ஓடிவிட்டது உண்மைதான்; ஆனால் அங்கே தொடக்கத்தில் கட்டிய நிலையங்கள் போய்விட்டன, நம்முடைய தூண்கள் இன்னும் நிற்கின்றன. வெளியூர் ரயில்கள் புறப்படும் முனையமாக இதை மாற்ற வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படம் வடசென்னையில் கிடைக்காது.

துபாய் அண்ணன்: பெரியப்பா, 'கதவு', 'நிழல்', 'துரு' என்ற மூன்று சொற்களுக்கும் இதே ஸ்டேஷன்தான் வந்தது.

பெரியப்பா: மூன்றும் வெவ்வேறு கோணங்கள்.

அத்தை: திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வாசலில் எடுத்தது இது. பௌர்ணமிக் கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை. பூக்காரம்மா ஈரத்துணியால் மல்லிகையை மூடி வைத்துவிட்டுத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆவடி சித்தப்பா: மீன் வாங்கப் போன இடத்தில், காசிமேட்டில் கட்டியிருக்கும் விசைப்படகுகளை எடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: தண்ணீர் புகாமல் இருக்கத் தச்சர் பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து உளியால் திணித்துக்கொண்டிருக்கிறார், காதில் செருகிய பீடியைப் பற்றவைக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

அத்தை: நன்றாகத்தான் இருக்கிறது, சின்னவனே. நைனாவின் படகு நம்மிடம் இருந்திருந்தால் ஊரார் படகை எடுக்க வேண்டியிருக்காது.

ஆவடி சித்தப்பா: அந்தப் படகை எதற்காக விற்றோம் என்பது, உங்கள் கல்யாணக் கடனை அடைத்தவர்களுக்குத் தெரியும், அக்கா.

பெரியப்பா: அந்தப் பேச்சு இந்தக் குழுவில் வேண்டாம் என்று பொங்கலன்றே முடிவு செய்தோம்.

அத்தை: முடிவு செய்தது நீங்கள் இருவரும்தான், அண்ணா.

துபாய் அண்ணன்: சித்தப்பா, படத்தின் ஓரத்தில் தெரியும் கூடையில் இருப்பது வஞ்சிரமா?

சித்தி: இந்த இரண்டு மாதமும் வஞ்சிரத்தைப் பற்றிப் பேசாதே. விசைப்படகு போகாததால் ஃபைபர் படகில் வருகிற மீனுக்குத்தான் அத்தனை பேரும் அடித்துக்கொள்கிறார்கள். போன ஞாயிறு சங்கராவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிழங்கான் வாங்கி வந்தேன்.

பெரிய அக்கா: படங்களை ஆயாவிடம் காட்டினேன். ஸ்டேஷன் படத்தைப் பார்த்து, "இதில் ஒரு ஆளையும் காணோமே, யார் காத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். தச்சர் படத்தைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, திரியை இன்னும் இறுக்கமாக முறுக்கியிருக்க வேண்டும் என்றார்.

ஆவடி சித்தப்பா: மாடிப்படி இறங்க முடியாவிட்டாலும் அம்மாவின் கண் கரையில்தான் இருக்கிறது.

பெரியப்பா: கட்டடமே காத்திருக்கிறது என்பதுதான் என் படத்தின் பொருள் என்று அம்மாவிடம் சொல்லவும். இருந்தாலும், நாளை விடியற்காலையில் நடைமேடையில் யாரையாவது உட்காரவைத்து இன்னொன்று எடுக்கிறேன்.

குட்டித் தம்பி: உட்காரவைத்து எடுக்கக் கூடாது, தெருவில் உள்ளதை உள்ளபடியே எடுக்க வேண்டும் என்று விதி எழுதியவரே நீங்கள்தான், பெரியப்பா. முழு வாக்கியத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதியையும் நீங்கள்தான் போட்டீர்கள். அதனால்தான் கட்டைவிரலை மட்டும் அனுப்பாமல் இவ்வளவு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

துபாய் அண்ணன்: ஆல்பத்தின் செலவு முழுவதையும் நான் அனுப்பிவிடுகிறேன்.

ஆவடி சித்தப்பா: அது வேண்டாம். அம்மாவுக்குச் செய்வதை நாங்கள் மூன்று பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம்.

அத்தை: பங்கு என்ற சொல்லை நீ எடுத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரிய அக்கா: பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில் இரண்டு படங்களுக்குத்தான் இடம் இருக்கிறது. தச்சர் படம் உறுதி. இன்னொன்று ஸ்டேஷனா குடமா என்பதை, காலையில் பெரியப்பா அனுப்புவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

அத்தை: தச்சர் படம் உறுதி என்று யார் சொன்னது? என் பூக்காரம்மாவை அம்மாவிடம் காட்டினாயா, இல்லையா?