சி.ஜி.டி. உள்ள மகனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று: அனுபவம் உள்ள பெற்றோரிடம் சில கேள்விகள்

வணக்கம். எங்கள் ஐந்து வயது மகனுக்கு சி.ஜி.டி. என்னும் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு இருப்பது டி.எச்.ஆர். ரத்தப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கினாலும் அதைக் கொல்ல இயலாத நோய் இது, உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமி கொண்ட பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பிறகு அவனுக்கு அக்குளில் நெறி கட்டியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பாக்டீரியா தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்சசோலும், பூஞ்சைத் தொற்றைத் தடுக்க இட்ராகொனசோலும் தினமும் கொடுத்து வருகிறோம். பூஞ்சைக்கு அஞ்சி மக்கிய உரம், வைக்கோல், கட்டடத் தூசி ஆகியவற்றின் அருகே அவனை விடுவதில்லை. (பாட்டி வீட்டுத் தோட்டம் இதனால் அவனுக்கு இல்லாமல் போனதில் மாமியாருக்கு மிகுந்த வருத்தம்.)

இப்போது அவன் நன்றாக இருப்பதுதான் முடிவெடுப்பதைக் கடினமாக்குகிறது. உறுப்புகள் பழுதாகும் முன், சிறு வயதிலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்வது நல்லது என்று மருத்துவர் கூறுகிறார். ஆனால் கொடையாளியின் அணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கும் ஜி.வி.எச்.டி.யும், மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கப்படும் கீமோ மருந்துகளால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படக்கூடும் என்பதும் எங்களைத் தயங்க வைக்கின்றன. அவனுடைய அக்காவின் எச்.எல்.ஏ. (கொடையாளி பொருத்தம் பார்க்கும் திசு வகை) முழுமையாகப் பொருந்துகிறது, எனினும் அவனுக்கு இருப்பது தாய்வழி வரும் வகை என்பதால் அவளும் மரபணுவைச் சுமப்பவளா என்ற பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

சுமக்கும் சகோதரியிடமிருந்தே அணுக்கள் பெற்றவர்கள் இங்கே உண்டா? அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின்கீழ் நிதியுதவி பெற்றவர்கள், எந்தெந்த ஆவணங்கள் கேட்கப்பட்டன என்பதைத் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.