தாத்தா வீடு, திருவல்லிக்கேணி (குடும்ப அரட்டைக் குழு): பாலு மாமாவின் முட்டி ஸ்கேன்

சந்திரா அத்தை: எல்லோருக்கும் ஒரு விஷயம், யாரும் பதற வேண்டாம். நேற்று சாயங்காலம் வேளச்சேரியில் இவர் வண்டி சறுக்கி விழுந்துவிட்டார். ஹெல்மெட் இருந்ததால் தலையில் அடி இல்லை. வலது முட்டிக்குக் கீழே எலும்பு உடைந்திருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, இப்போது சி.டி. ஸ்கேன் எடுத்து வரச் சொல்லி, கூடவே 3டி ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்றும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உமா சித்தி: ஐயோ அண்ணி, ராத்திரியே சொல்லக் கூடாதா? வலி எப்படி இருக்கிறது?

பாலு மாமா: வலி பரவாயில்லை. வண்டிக்குத்தான் இண்டிகேட்டர் போய்விட்டது.

ரவி சித்தப்பா: அக்கா, உடைந்தது எக்ஸ்ரேயிலேயே தெரிகிறது என்றால் சி.டி. எதற்கு? அதிலும் 3டி வேறு. கலர் படம் காட்டிக் காசு வாங்குகிற வேலை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நிவேதா: சித்தப்பா, அவசரப்படாதீர்கள். அத்தை, சீட்டில் டிபியல் பிளாட்டோ என்று எழுதியிருக்கிறதா?

சந்திரா அத்தை: ஆமாம், அதேதான் போலிருக்கிறது. டாக்டர் கையெழுத்து, பாதிதான் புரிகிறது.

நிவேதா: அப்படியானால் ஸ்கேன் கட்டாயம் எடுங்கள். தொடை எலும்பு வந்து உட்காருகிற தட்டையான பரப்பு அது. அங்கே உடைந்தால் எத்தனை துண்டு என்பதோடு, அந்தப் பரப்பு எந்த இடத்தில் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதும் சர்ஜனுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற உலோகத் தகட்டை எந்தப் பக்கத்திலிருந்து வைப்பது என்பதையே அதுதான் முடிவு செய்யும். எக்ஸ்ரே வெறும் நிழல். ஒரே கொடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்கிற வேட்டிகள் மாதிரி முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்துதான் விழும். அமுங்கிய ஆழம் அதில் குறைவாகத் தெரிவது சகஜம்.

ரவி சித்தப்பா: சரி, சி.டி. எடுக்கட்டும். 3டி?

நிவேதா: அதற்குத் தனியாக இன்னொரு தடவை மெஷினில் படுக்க வைக்க மாட்டார்கள். எடுத்த அதே தகவலைக் கம்ப்யூட்டரில் வேறு விதமாகக் காட்டுவதுதான் 3டி. கூடுதல் கதிர்வீச்சு ஒன்றும் கிடையாது. தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கார்த்தி: நிவி, நீ ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு கிண்டியில் செய்வது இதைத்தானே? அந்தப் படம் எப்படி வருகிறது? உள்ளே கேமராவா இருக்கிறது?

நிவேதா: கேமராவும் இல்லை, அது எடுத்த படமும் இல்லை கார்த்தி, கணக்குப் போட்டுக் கட்டிய படம். எக்ஸ்ரே குழாய் காலைச் சுற்றிச் சுழலும், எதிர்ப்பக்கம் டிடெக்டர் நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழலை அளக்கும். இத்தனை நிழல்களும் விழ வேண்டுமென்றால் உள்ளே எந்தப் புள்ளியில் எவ்வளவு அடர்த்தி இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று யோஹான் ராடான் என்ற கணித மேதை 1917லேயே நிரூபித்துவிட்டார், அப்போது அவர் மனதில் மருத்துவம் எல்லாம் இல்லை.

கார்த்தி: ஒவ்வொரு நிழலையும் வந்த வழியே திருப்பிப் பூசினால் போதாதா?

நிவேதா: நல்ல கேள்வி. பூசலாம், எலும்பு இருக்கிற இடத்தில் எல்லாக் கோடுகளும் சேரும். ஆனால் அந்தக் கோடுகள் வழியிலும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும், அதனால் சுற்றிலும் ஒரு மங்கல் படிந்துவிடும். அந்த மங்கலை முன்கூட்டியே அடிக்க, பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியில் போட வேண்டும். விளிம்பின் பக்கத்தில் கொஞ்சம் மைனஸ் மதிப்பு வருகிற மாதிரி அமைந்த வடிகட்டி. மைனஸும் மங்கலும் ஒன்றையொன்று தின்றுவிடும், எலும்பின் ஓரம் கூர்மையாக நிற்கும்.

இதை எழுதியவர் யார் தெரியுமா? நம் ஜி.என். ராமச்சந்திரன். 1971இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை. நிழலை அலைகளாகப் பிரித்துச் செய்கிற, பெரிய கம்ப்யூட்டர் தேவைப்படுகிற ஃபூரியே கணக்கைத் தவிர்த்து, நேரடியாகச் செய்ய வழி காட்டியது. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த வடிகட்டிக்கு ராம்-லாக் என்றுதான் பெயர்.

பாலு மாமா: கொலாஜன் ராமச்சந்திரனா? தோலிலும் எலும்பிலும் இருக்கிற அந்தப் புரதம் மூன்று இழை முறுக்கு என்று காட்டியவர்தானே? அடையாரில் லெதர் இன்ஸ்டிட்யூட் ஆடிட்டோரியத்துக்கே டிரிபிள் ஹெலிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்களே.

நிவேதா: அவரேதான் மாமா. மூன்று இழைக் கொலாஜன் வேலை 1954இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது. ஸ்கேன் கணக்கு வந்தபோது பெங்களூருக்குப் போய்விட்டார்.

ரவி சித்தப்பா: பார்த்தாயா! நம் ஆள் கண்டுபிடித்ததற்கு வெள்ளைக்காரனுக்கு நோபல். எல்லாம் இப்படித்தான்.

நிவேதா: அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது சித்தப்பா. 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும். கோர்மாக் 1963, 64லேயே கணக்கை எழுதிவிட்டார். ஹவுன்ஸ்ஃபீல்டு இ.எம்.ஐ. கம்பெனியில் மெஷினையே கட்டி, 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தார், அதில் அவர் பயன்படுத்தியது வேறு கணக்கு. ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967லேயே இதே மாதிரியான வழிக்கு வந்திருந்தார்கள். பின்னால் வந்த மெஷின்களில் வேரூன்றியது வடிகட்டிப் பூசும் முறை. ராமச்சந்திரனுக்கு இன்னும் பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பறித்துக்கொண்டார்கள் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாலு மாமா: இ.எம்.ஐ. என்றால் நம் எச்.எம்.வி. நாய் ரிக்கார்டு கம்பெனியா?

நிவேதா: அதே கம்பெனிதான் மாமா.

கார்த்தி: அப்பா, இப்போது ஸ்கேன் எடுக்கவே இ.எம்.ஐ. போட வேண்டியிருக்கிறது.

உமா சித்தி: சிரிக்கிற நேரமா இது. நிவேதா, மாமாவுக்குப் போன வருடம்தான் வயிற்றில் சி.டி. எடுத்தார்கள். மறுபடியும் எடுத்தால் ஆபத்து இல்லையா?

நிவேதா: கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். வயிற்று சி.டி. ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட். தலைக்கு 2 வாக்கில். முட்டி அதைவிட ரொம்பவே குறைவு, அங்கே கதிர்வீச்சால் சட்டென்று பாதிக்கப்படுகிற உறுப்பு எதுவும் இல்லை. சும்மா பூமியில் நடமாடுவதற்கே உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 நம் உடம்பில் ஏறுகிறது. முட்டிக்காகக் கவலைப்படாதீர்கள் சித்தி. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வயிற்றுக்கு எடுத்தால் கேள்வி கேளுங்கள்.

சந்திரா அத்தை: ஊசி போட்டு எடுப்பார்களா? இவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.

நிவேதா: எலும்புக்கு மட்டும் என்றால், ரத்தக்குழாயைப் படத்தில் தெளிவாகக் காட்டுகிற கான்ட்ராஸ்ட் ஊசி பொதுவாகத் தேவைப்படாது அத்தை. ரத்தக்குழாயையும் பார்க்க நினைத்தால் போடுவார்கள். அப்போது கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை, கேட்பார்கள். எப்படியும் மாத்திரை பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சந்திரா அத்தை: ஸ்கேன் முடிந்தது. மெஷினுக்குள் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெளியே காத்திருந்ததுதான் ஒன்றரை மணி நேரம். ஃபிலிம் கொடுத்தார்கள், 3டி படம் அழகாக இருக்கிறது, எலும்பு தந்தத்தில் செய்தது போல. போட்டோ அனுப்பட்டுமா?

நிவேதா: அனுப்புங்கள், ஆனால் ஃபிலிமோடு விட்டுவிடாதீர்கள் அத்தை. டிஸ்க் கேளுங்கள், மெல்லிய ஸ்லைஸ், அதாவது காலைச் சீவினாற்போல் வருகிற படங்கள், எல்லாம் இருக்கிற டிஸ்க், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில். தடிமனான ஸ்லைஸ் மட்டும் இருந்தால் வேறு இடத்தில் 3டி கட்டும்போது எலும்பு படிக்கட்டாக வரும்.

ரவி சித்தப்பா: படத்தைப் பார்த்தேன் அக்கா. பின்பக்கம் விரிசலே இல்லை, வழவழவென்று இருக்கிறது. சின்ன உடைப்புதான் போல.

நிவேதா: சித்தப்பா, அந்த வழவழப்பை நம்பி எதுவும் சொல்லாதீர்கள்! இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 பக்கம், எலும்பு பல நூறுக்கு மேல். எந்த எண்ணுக்கு மேல் காட்டுவது என்று டெக்னீஷியன் வைக்கிற எல்லையில்தான் 3டி பிறக்கிறது. எல்லையை ஏற்றினால் மெல்லிய எலும்பில் இல்லாத ஓட்டை தெரியும், வழவழப்பாக்கினால் விலகாத மயிரிழை விரிசல் மறைந்துவிடும். அதனால்தான் ரேடியாலஜிஸ்ட் குறுக்கு, நெடுக்கு, பக்கவாட்டு என்று மூன்று திசை ஸ்லைஸையும் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறார். துண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் பிடிக்கத்தான் 3டி.

கார்த்தி: டிஸ்க் வந்தால் நானும் வீட்டில் பார்க்கலாமா?

நிவேதா: பார்க்கலாம், ஸ்லைசர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார், ஆனால் நோயைக் கண்டுபிடிக்கக் கிளம்பாதே. ஒன்று, ஆபரேஷனுக்குப் பிறகு இதே முட்டியை மறுபடி ஸ்கேன் செய்தால் தகட்டைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கோடு கோடாக வரும். உலோகம் நிழலை ஒரேயடியாக அடைத்துவிடுவதால் கணக்குக்குப் போதுமான தகவல் கிடைக்காது. அதைப் பார்த்து எலும்பு கூடவில்லை என்று அத்தையைப் பயமுறுத்தாதே.

உமா சித்தி: ஐஐடியில் மூளையை இப்படித்தான் படம் எடுத்தார்கள் என்று பேப்பரில் போட்டிருந்ததே, அதுவும் சி.டி.யா?

நிவேதா: இல்லை சித்தி, அது தரணி என்ற மூளை வரைபடத் தொகுப்பு. கருவிலிருந்த சிசுக்களின் மூளைகளை உண்மையாகவே மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் செல் தெரிகிற அளவுக்குப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் மறுபடி அடுக்கியது. 5,132 சீவல். 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அங்கே நிழலிலிருந்து கணக்குப் போடுகிற வேலை இல்லை, வெட்டும்போது நசுங்கியதையும் கோணியதையும் சரிசெய்து பொருத்துவதுதான் பாடு. என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் கஷ்டம்.

சந்திரா அத்தை: டிஸ்க் வாங்கியாயிற்று. முதலில் இல்லை என்றார்கள், கேட்டதும் ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டார். வெளிப்பக்கம் அமுங்கியிருக்கிறதாம், பின்பக்கமும் ஒரு துண்டு இருக்கிறதாம். இரண்டு பக்கமும் தகடு வரலாம், வீக்கம் வடிந்த பிறகுதான் தேதி சொல்வாராம்.

ரவி சித்தப்பா: பின்பக்கமா? சரி அக்கா, நல்லவேளை எடுத்தீர்கள். ராத்திரி துணைக்கு நான் வருகிறேன், கார்த்தி கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரும் வரைக்கும்.

பாலு மாமா: வரும்போது ரத்னா கஃபே சாம்பார் ஒரு பார்சல். இட்லி இங்கேயே கொடுக்கிறார்கள், அதைத் தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை.