பிரவுன்-அவுட் = மின்தொய்வு?

வணக்கம்.

முதல் ரோபோ வண்டி செய்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: யூஎஸ்பி கம்பியில் ஒழுங்காக ஓடும் நிரல், பேட்டரிக்கு மாறியதும் மோட்டார் சுழலத் தொடங்கும்போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பாவம், நாள் முழுக்க நிரலில் பிழை தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன்.

சுழலும் மோட்டார் தானே உண்டாக்கி, வரும் மின்னோட்டத்தை எதிர்க்கும் மின்னழுத்தம்தான் எதிர் மின்னியக்கு விசை. நின்றிருக்கும் மோட்டாரில் அது கிடையாது. அதனால் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சின்ன 9 வோல்ட் பேட்டரியின் அகமின்தடை ஓர் ஓமைத் தாண்டும். தீரத் தீர இன்னும் ஏறும். இரண்டு ஆம்பியர் இழுத்தால் குறைந்தது இரண்டு வோல்ட் உள்ளேயே கரைந்துவிடும். வண்டியை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் சிப்புக்கு வரும் மின்னழுத்தம் 2.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அது தன்னையே ரீசெட் செய்துகொள்ளும். இஎஸ்பி32 என்ற சிப் உள்ள பலகை என்றால், கணினியில் அதன் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் காரணத்தைச் சொல்லிவிடும். ஊனோ வாயே திறக்காது.

இப்படி மின்னழுத்தம் சற்று நேரம் இறங்குவதைத்தான் ஆங்கிலத்தில் பிரவுன்-அவுட் என்கிறார்கள். இதற்கு 'மின்தொய்வு' என்று வைக்கலாமா? இறுக்கமான கயிறு ஒரு கணம் தொய்ந்து மறுபடி விறைப்பது போலத்தான் இதுவும். உணரும் சுற்றுக்குத் 'தொய்வுணரி' என்றே சொல்லிவிடலாம்.

> 'குறைமின்னழுத்தம்' போதாதா? தொய்வு என்றால் 'பணியில் தொய்வு' என்ற செய்தித்தாள் வாடைதான் வருகிறது.

அந்த வாடை எனக்குப் பிடித்திருக்கிறது. வேலை நிற்கவில்லை, தளர்ந்திருக்கிறது என்பதுதானே பொருள்? முற்றிலும் நின்றால் அது மின்தடை. 'குறைமின்னழுத்தம்' ஒரு நிலையைச் சொல்கிறது; 3.3 வோல்ட்டில் இயங்கும் பலகையையும் அப்படிச் சொல்லலாமே. நமக்கு வேண்டியது நிகழ்வின் பெயர்.

> 'பழுப்பு' எங்கே போயிற்று?

விளக்கு மங்கிப் பழுப்பாவது ஆங்கிலக்காரர் கண்ட காட்சி. பிளாக்-அவுட்டை மின்தடை என்றபோது கறுப்பையும் நாம் எடுத்து வரவில்லை.

> சரி, ஒப்புக்கொள்கிறேன். தீர்வையும் எழுதுங்கள்.

மோட்டாருக்குத் தனி பேட்டரி. இரண்டின் கிரவுண்டும், அதாவது எதிர்முனையும், ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். தனி பேட்டரிக்கு வழியில்லை என்றால் மின்வழங்கலுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று ஓரளவு தாங்கும். துருவம் பார்த்து மாட்டுங்கள். அப்புறம், கிரவுண்டுக்குத் தமிழ்ச் சொல் கேட்காதீர்கள், அதற்குத் தனி இழையே வேண்டும்.